டைம்கீப்பர் வீட்டு வாசல்

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். துணி வெட்டுகிறவளுக்குக் கத்தரிக்கோல் மட்டும் கூர்மையாக இருந்தால் போதாது, வாயும் இருக்க வேண்டும். இந்த நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த அறையில் தையல் கடை வைத்திருக்கிறேன்; குடியிருப்பது வேறு தெருவில். கடைக்குப் பின்னால், மாடிப்படி தொடங்கும் இடத்தில் இருப்பதுதான் டைம்கீப்பர் வீடு. அவர் வாசலைத் தாண்டாமல் யாரும் மேலே ஏறவோ கீழே இறங்கவோ முடியாது. யார் எதைக் கொண்டுவந்து அந்த வாசலில் வைத்தார்கள் என்பதெல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் நடந்தது. அதைச் சொல்லப் போகிறேன். கேட்டு யாருக்காவது சுருக்கென்று குத்தினால் குத்தட்டும்.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த பஸ் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று பார்த்து, தாமதமாக வந்த டிரைவரை முறைப்பதுதான் உத்தியோகம். அவர் தலையைக் கண்டாலே டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டி ஏறுவார்களாம். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன், ஆகவே அவர் எனக்கு மாமா. பிள்ளை குட்டி கிடையாது. அக்காவுக்கு ஜன்னலோரக் கட்டில், மாமாவுக்கு அக்கா. அவ்வளவுதான் குடும்பம்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி முற்றி இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டன. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழும்போது நமக்கெல்லாம் வருமே, அந்த மரமரப்பு இல்லை. அங்கே கால் இருக்கிறது என்பதே தெரியாது. ஒருநாள் என் கடையில் வந்து பேசிவிட்டுப் போனவள், சமைத்து, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, மத்தியானம் காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள், என் கடைக் குண்டூசி ஒன்று குதிகாலில் முழுசாக இறங்கியிருந்ததை. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அவள் என்னவென்றால், "உன் ஊசிக்கு என்மேல ஆசைடி, சொல்லிக்காம கூடவே வந்துடுச்சு" என்று சிரிக்கிறாள்.

அன்றைக்கு டாக்டர் மாமாவிடம் சொன்னார். "அவங்களுக்கு வலிக்காது சார். வலிச்சாத்தானே மனுஷன் பாப்பான். அதனால அவங்களுக்காக நீங்கதான் பாக்கணும். ஒருநாள்கூட விடக் கூடாது."

மாமாவிடம் போய் ஒருநாள்கூட விடாதே என்று சொல்ல வேண்டுமா என்ன. தினம் சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் அக்காவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். டார்ச் அடித்து உள்ளங்கால், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் பார்ப்பார். வெந்நீரில் கழுவி, துடைத்து, ஏதோ களிம்பு தடவுவார். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு, "என்ன, வண்டி ஓடுமா, இல்ல ஷெட்டுலயே நிக்கணுமா?" என்பாள். "ஓடும், ஓடும். டயரு மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்பார் இவர். சிடுமூஞ்சி என்று டிப்போவே சொன்ன மனிதர் அந்த ஒரு நேரத்தில் மட்டும் சிரிப்பார்.

அப்போதெல்லாம் குப்பை வண்டி தினமும் வரும். காலையில் மணி அடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போதே ஆளுக்கொரு வாளியோடு இறங்கி, கொட்டிவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேலே போவார்கள். எலி என்றால் எப்போதாவது சாக்கடை ஓரமாக ஒன்று ஓடும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனிமேல் வண்டி திங்களும் வியாழனும் மட்டும்தான் வருமாம். வண்டி பற்றவில்லை, ஆள் பற்றவில்லை, பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும். நாங்கள் ஒத்துழைத்த அழகைத்தான் பார்க்க வேண்டுமே. திங்கட்கிழமை வண்டிக்குச் சனிக்கிழமையே பை இறங்கும். வியாழக்கிழமை வண்டி அந்தப் பக்கம் திரும்பியதும், அடுத்த வண்டிக்கான முதல் பை இந்தப் பக்கம் கேட்டோரமாக வந்து உட்காரும். தன் வீட்டுக் குப்பை தன் வீட்டில் ஒரு ராத்திரி இருக்கக் கூடாது. கீழே எத்தனை நாள் கிடந்தாலும் சரி.

எலிகளுக்கு அட்டவணை தெரியாது என்று நினைக்காதீர்கள். எங்களைவிட அவை ஒழுங்காகத் தெரிந்துவைத்திருந்தன. வண்டி வந்துபோன நாளில் ஒன்றையும் காண முடியாது. புதனும் ஞாயிறும் கல்யாணக் கூட்டம்தான். பூனைக்குட்டி பருமனுக்குப் பெருச்சாளிகள் மதில்மேல் உலாத்தும். என் கடையில் ஒருத்தர் தைக்கக் கொடுத்த கோட்டின் உள்துணியைக் கிழித்துப் பெட்டிக்குப் பின்னால் மெத்தை போட்டுக் குட்டி ஈன்றிருந்தது ஒன்று. அக்கா வீட்டுக் குளியலறையில் சோப்பைத் தின்றது. குழாய் வழியாக ஏறி, ஜன்னல் வலையைக் கடித்து ஓட்டை போட்டது. சோப்புக்காகவும் வலைக்காகவும் மாமா கவலைப்படவில்லை. உணர்ச்சியில்லாத காலை எலி கடித்தால் கடிபடுகிறவளுக்கே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டில் காலெல்லாம் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நின்றது. அக்காவின் பாதத்துக்கு என்னிடம் கெட்டித் துணியில் இரண்டு உறை தைத்து வாங்கிப்போனார். போட்டுவிட்டால் வேர்த்துப் புண்ணாகிறது என்று டாக்டர் அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

வார்டு அலுவலகத்துக்குப் போனார். குப்பைக்கு ஒரு ஜன்னல், எலிக்கு இன்னொரு ஜன்னல். குப்பை ஜன்னலில், "எலித் தொல்லைன்னா அந்தப் பக்கம் போங்க" என்றார்கள். எலி ஜன்னலில், "குப்பை கெடந்தா நாங்க மருந்து வச்சு என்ன பிரயோஜனம்? மொதல்ல அவங்களைக் குப்பையை எடுக்கச் சொல்லுங்க" என்றார்கள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருந்ததாம். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டார். "ரெண்டு பேரும் சொன்னது நியாயம்தான், என்ன" என்று அக்கா கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் கூட்டம் போட்டோம். இரண்டாம் மாடியில் இருக்கும் வங்கிக்காரர்தான் எங்கள் செக்ரட்டரி. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். ஆட்டிய தலை ஆட்டியபடியே வீட்டுக்குப் போய்விடும். மூன்றாம் மாடி டீச்சர், நாலாம் மாடிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாமா எழுந்து, "வண்டி வர்ற அன்னிக்குக் காலையில மட்டும் பையை இறக்குங்க. அதுவரைக்கும் உங்கவுங்க வீட்டுலயே இருக்கட்டும். நல்லா கட்டி, மூடி போட்ட வாளியில வச்சா ஒண்ணும் ஆகாது" என்றார்.

"வீட்டுக்குள்ள வச்சா நாறுதே சார்" என்றார் டீச்சர். "சின்னக் குழந்தை இருக்கிற வீடு."

நான் சும்மா இருப்பேனா. "அப்போ கீழ் வீட்டுல இருக்கறவங்க மூக்கைக் கழட்டி ஆணியில மாட்டிட்டா இருக்காங்க டீச்சர்?"

"அம்மா, கொஞ்சம் பொறுமையா பேசுவோம்" என்று செக்ரட்டரி தலையை ஆட்டினார்.

பொறுமையாகப் பேசியதில் ஒன்றும் நடக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம். காலையில் எழ முடியாது, வேலைக்குப் போக வேண்டும், வாளி வைக்க இடம் இல்லை. கடைசியில் மாமாவே சொன்னார். "சரி விடுங்க. மார்க்கெட் ரோட்டுல பெரிய தொட்டி இருக்கு. அதை லாரி தினம் வந்து எடுக்குது. காலையில பால் வாங்க இறங்கறப்போ உங்க பையை என் வாசல்ல வச்சிடுங்க. நான் சைக்கிள்ல கொண்டுபோய்ப் போட்டுடறேன். காலையில மட்டும். அந்த நேரம் தவறக் கூடாது."

கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். யாராவது ஒருத்தர், எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம், நாங்களும் முறை வைத்துக்கொள்கிறோம் என்று பேச்சுக்காவது சொன்னார்களா? தலையில் கட்ட ஒரு தலை கிடைத்தது என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

அக்காதான் பிடித்துக்கொண்டாள். நான் கூடவே இருந்தேன். "வாசலைக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே. கேட்டுகிட்ட வைக்கச் சொல்லக் கூடாதா?"

"அங்க வச்சா நாய் கிழிச்சுடும். பொறுக்கிட்டு நிக்க முடியுமா? இங்கன்னா வச்ச கையோட எடுத்துடலாம், உன்னையும் பாத்துக்கலாம். அதான் டைம் சொல்லியிருக்கேன்ல."

"நீங்க டைம் சொன்னா பஸ்ஸு வரும். மனுஷங்க வருவாங்களா?"

"வருவாங்க, வருவாங்க" என்றார் மாமா. ஆயுசு முழுக்க அட்டவணையை நம்பி வாழ்ந்த மனிதர். சொன்ன நேரத்துக்குச் சொன்னது நடக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

முதலில் நன்றாகத்தான் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். சைக்கிளின் பின்னால் இரும்புக் கொக்கி இரண்டு வைத்துக்கொண்டார். காலையில் பைகள் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும், வாசலைக் கழுவிவிடுவார். கேட்டோரம் சுத்தமானது. எலிகள் வேறு தெரு பார்த்துப் போய்விட்டன. ஜன்னல் வலையை மாற்றினார். கட்டில் கால்களுக்கு அடியிலிருந்த கிண்ணங்கள் அடுக்களைக்குத் திரும்பின. அக்கா கட்டிலில் இருந்தபடியே வாசலைப் பார்த்துச் சொல்லுவாள், "நாலாவது மாடியில நேத்து மீனு. டீச்சர் வீட்டுல யாருக்கோ வயிறு சரியில்ல, வெறும் பழத்தோலா இருக்கு." மாமாவைப் பற்றி என்னிடம், "எங்க வீட்டுக்காரருக்கு ஓய்வே கிடையாதுடி. பஸ்ஸு போச்சு, குப்பை வந்துச்சு" என்பாள். நான் சிரித்துச் சிரித்து மெஷினை மிதிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது. காலையில் வைக்க வேண்டிய பை முந்தின ராத்திரியே வந்தது. பிறகு மத்தியானம் வந்தது. பிறகு கைக்கு வந்த நேரத்துக்கெல்லாம் வந்தது. முதலில் முடிச்சுப் போட்டு வந்த பை வாய் திறந்து வர ஆரம்பித்தது. குழந்தையின் அசிங்கத் துணி வந்தது. உடைந்த கண்ணாடி டம்ளர் வந்து மாமாவின் உள்ளங்கையைக் கிழித்தது. யாருடையது என்று கேட்டதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் நேரம் காலம் பார்க்காமல் நாளுக்கு மூன்று தடவை சைக்கிளை எடுக்க வேண்டியதாயிற்று. டீச்சர் ஒருநாள் படியிலிருந்தே, "நேத்து எங்க பையை விட்டுட்டுப் போயிட்டீங்க போலிருக்கே சார்" என்றார். சார் என்று சொன்னதுதான் மிச்சம். நாலாம் மாடிக்கு வந்த விருந்தாளி ஒருத்தர் அவரைப் பார்த்து, "இந்தாப்பா, இதையும் எடுத்துக்கோ" என்று பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்கு அக்கா கிண்டல் எதுவும் செய்யவில்லை. சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"போதும் மாமா, நாளையிலேர்ந்து எடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க" என்று நான் கத்தினேன்.

"எடுக்கலன்னா எங்க வைப்பாங்க? இங்கதான் வைப்பாங்க. பழகிட்டாங்கம்மா" என்றார். அது உண்மை.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிற காய்ச்சல். அந்த நிலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்ச் செக்ரட்டரியிடம் சொன்னார். "என்னால கொஞ்ச நாளைக்கு முடியாது சார். பையை வாசல்ல வைக்க வேணாம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க. வீட்டுல அவளுக்குக் கால்..." செக்ரட்டரி தலையை ஆட்டினார். "நீங்க போய்ப் படுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில், டைம்கீப்பர் சாருக்கு உடல்நலம் சரியில்லை, விரைவில் குணமடைய வேண்டுகிறோம் என்று போட்டார். அதற்குக் கீழே ஒருத்தர் விடாமல் கும்பிடு போட்டார்கள். டீச்சர் ரோஜாப்பூ படம் போட்டார். பையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. போனில் கும்பிடு போட்டுக்கொண்டே இறங்கிவந்து, அந்தக் கையாலேயே பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் மேலே போய் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிச் சண்டை போட்டேன். "அப்படியா, தெரியாதே" என்றார்கள். "இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்றார்கள். நானே பைகளை இழுத்துக்கொண்டுபோய் கேட்டருகே போட்டேன். போட்டுத் திரும்புவதற்குள் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. கடை மூடிய பிறகு நான் என் வீட்டுக்குப் போயாக வேண்டும். நான் போன பிறகு வந்த பைகளெல்லாம் விடிகிறவரை அங்கேதான் இருந்தன. மழையில் ஊறிய பை, வாய் திறந்த பை, கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து.

காய்ச்சலின் உச்சத்தில் இருந்த அந்தச் சாயங்காலம் மாமா அக்காவின் காலைப் பார்க்கவில்லை. எழுந்து உட்காரவே முடியவில்லை. "ஒருநாள் பாக்கலன்னா என் காலு எங்கயும் ஓடிப்போயிடாது, படுங்க" என்று அக்காதான் அதட்டிப் படுக்கவைத்தாளாம்.

காலையில் நான் கடையைத் திறக்கும்போது அவர் குரல் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, வெறும் சத்தம். உள்ளே ஓடினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையின் கால்மாட்டில் அகலமாக ரத்தம். கட்டைவிரலும் அடுத்த விரலும் நுனியில் இல்லை. இல்லையென்றால் இல்லை, அதற்குமேல் அதை எப்படிச் சொல்ல. மாமா தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியவே இல்லடி. நல்லா தூங்கிட்டேன்" என்றாள். ஏதோ தப்பு செய்துவிட்ட குழந்தை மாதிரி சொன்னாள்.

ஆட்டோ பிடிக்க ஓடியபோது, உள்ளே வரும்போது நான் தாண்டி வந்த பைகள் வாசலில் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. காலால் எட்டி உதைத்துவிட்டு ஓடினேன். அந்தக் குப்பை படியெல்லாம் சிதறியதற்கு அன்றைக்குச் சாயங்காலம் குழுவில் யாரோ புகார் போட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை, கறுப்பு மேலே ஏறியது. பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோது, "வண்டியைப் பார்ட் பார்ட்டா கழட்டறாங்கடி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். மாமா திரும்பி நின்றுகொண்டார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன இரண்டாம் நாள் அக்கா போய்விட்டாள்.

எரித்துவிட்டு வந்ததற்கு மறுநாள் காலை நான் மாமாவுக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கட்டிலைச் சுருட்டிய மெத்தையோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். டார்ச் பக்கத்தில் கிடந்தது. அப்போது செக்ரட்டரி வந்தார். ஆபீஸ் உடை, தோளில் சாப்பாட்டுப் பை. உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எவ்வளவு நல்ல அம்மா, எவ்வளவு கலகலப்பாக இருப்பார்கள், படி இறங்கும்போதெல்லாம் விசாரிப்பார்களே என்றார். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே அவர் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். கட்டடத்து ஆட்கள் எல்லோரும் துணையாக இருப்போம், எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். மாமா தலையை ஆட்டினார்.

செக்ரட்டரி எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிய இடத்துக்குப் பக்கத்தில், வரும்போது அவரே வைத்துவிட்டு வந்த குப்பைப் பை இருந்தது.

எனக்குக் கையிலிருந்த காபியை அந்த ஆள் முகத்தில் ஊற்றலாம் போலிருந்தது. அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. "ஸாரி சார். பழக்கத்துல... கை தானா..." என்று குனிந்து பையைத் தூக்கப் போனார்.

"இருக்கட்டும் சார், வச்சிட்டுப் போங்க" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. "இனிமே எலி வந்தா என்னைத்தான் கடிக்கணும். எனக்கு வலிக்கும். முழிச்சுக்குவேன்."

செக்ரட்டரி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்.